கோடு எழுதுவதா, கோடு இழுப்பதா?

கேள்வி: கேம் துறையில் மவுசு யாருக்கு அதிகம், புரோகிராமருக்கா ஆர்ட்டிஸ்ட்டுக்கா? (இன்ஜினியரிங் மாணவர், திருச்சி)

தலையை எண்ணினால், பெரிய கேம்களின் குழுவில் பெரும்பாலும் ஆர்ட்டிஸ்ட்கள்தான் அதிகம். ஆனால் ஓர் இடத்துக்கு எத்தனை பேர் முண்டியடிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? சி++ என்ற புரோகிராமிங் மொழி நன்றாகத் தெரிந்தவரை வங்கி மென்பொருள்காரரும் கூப்பிடுவார், கார் கம்பெனியும் கூப்பிடும். அவர்களோடு போட்டி போட்டுத்தான் ஸ்டூடியோ ஆளை எடுக்கிறது. சம்பளம் பேச உட்காரும்போது கேரக்டர் மாடலிங் (கேம் பாத்திரங்களை முப்பரிமாணத்தில் உருவாக்குவது) தெரிந்தவருக்கு அந்தத் தெம்பு கிடையாது.

இந்தியாவில் ஒரு விசேஷம், வெளிநாட்டு கேம்களுக்கு ஆர்ட் செய்து கொடுக்கும் தொழில் இங்கே பழசு. 1997-ல் தொடங்கிய பெங்களூரு துருவா இன்டராக்டிவ் அப்படி வளர்ந்ததுதான். 2019-ல் ஜிடிஏ கேம்களைச் செய்யும் ராக்ஸ்டார் அதை வாங்கியது. ஆக, ஆர்ட்டிஸ்ட்டுக்கு இங்கே வேலை உண்டு, வெளியிலிருந்து ஆர்டர் வருகிறவரை.

கேள்வி: மகள் பிரமாதமாக வரைவாள். பயமாக இருக்கிறது, கோடிங் கோர்ஸில் சேர்த்துவிடவா? (ஒரு அம்மா, ஈரோடு)

வேண்டாம்மா. அரைமனதாகக் கோடிங் படித்தவர்கள் ஊரில் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். அவள் போர்ட்ஃபோலியோவை, அதாவது வேலை கேட்கும்போது காட்டும் படைப்புத் தொகுப்பை, ஒழுங்காகச் செய்யட்டும்.

எனக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். மரத்தாலான புதையல் பெட்டி. துருப்பிடித்த பூட்டு, மரத்தில் வெடிப்பு, பார்க்க அவ்வளவு அழகு. கேமில் வரும் பொருளெல்லாம் குட்டி முக்கோணங்களால் கட்டியது; கூடக் கூட ஃபோன் திணறும். இதைத் திறந்து பார்த்தால் 80,000 முக்கோணங்கள்! மொபைல் கேமில் ஓரமாகக் கிடக்கப்போகும் பெட்டிக்கு ஆயிரமே தாராளம். வெடிப்பையெல்லாம் நார்மல் மேப்பில் (மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் மேற்பூச்சுப் படம்) காட்டிவிடலாம். முக்கோணக் கோடுகளைக் காட்டும் வயர்ஃபிரேம் படமும் இல்லை, வண்ணம் பூசுவதற்காகப் பெட்டியின் மேற்பரப்பைத் தட்டையாக விரிக்கும் யூவியை எப்படிப் பிரித்தார் என்பதும் இல்லை. வரையத் தெரிந்தவர்தான், கேமுக்கு வரையத் தெரியவில்லை. உங்கள் மகள் இருபது படம் அனுப்ப வேண்டாம். கேம் என்ஜினுக்குள் (கேமை உருவாக்கி ஓட்டும் மென்பொருள்) வைத்து ஓட்டிக் காட்டிய மூன்று போதும்.

கேள்வி: டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்கிறார்களே, அது யார்?

ஆர்ட்டிஸ்ட்டுக்கும் புரோகிராமருக்கும் நடுவில் நிற்கும் ஆள். திரையில் விநாடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓட வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். காட்சியில் புகை வந்ததும் கேம் திக்குகிறது என்று வையுங்கள். ஆர்ட்டிஸ்ட் புரோகிராமரைக் கைகாட்டுவார், புரோகிராமர் ஆர்ட்டிஸ்ட்டை. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் புரொஃபைலரைத் திறந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ஒளி ஊடுருவும் லேயர்கள்தான் காரணம் என்று கண்டுபிடித்து, ஷேடரை (திரையில் நிறமும் ஒளியும் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சிறு புரோகிராம்) மாற்றி எழுதி, அழகும் கெடாமல் முடித்துக் கொடுப்பவர் இவர். கிடைப்பது அபூர்வம். ஓரளவு கணக்கும் ஓரளவு கண்ணும் உள்ளவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள் என்று கூவிக் கூவி அழைக்கிறேன்.

கேள்வி: யூனிட்டியா, அன்ரியலா?

இரண்டும் கேம் என்ஜின்கள். மொபைல் என்றால் யூனிட்டி, அதற்கு மொழி சி#. பிசி, கன்சோல் கனவு என்றால் அன்ரியல், சி++. ஒன்றை உருப்படியாகக் கற்றவருக்கு மற்றது சில மாதப் பாடு.

கேள்வி: ஏஐ வந்து ஆர்ட்டிஸ்ட்களை விழுங்கிவிடுமா?

கான்செப்ட் ஆர்ட்டில் (கேம் எப்படி இருக்கும் என்று முதலில் வரைந்து காட்டும் படங்கள்) அடி விழ ஆரம்பித்துவிட்டது, மறைப்பானேன். ஆனால் புரோகிராமர்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது. 2024 ஜனவரியில் மட்டும் யூனிட்டி சுமார் 1,800 பேரையும், மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அது ஏஐயால் வந்த வினை அல்ல. கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த ஆட்களும் கம்பெனிகளும் பின்னால் பாரமாகிவிட்டன.

கேள்வி: பணம் கட்டி ஆடும் ரம்மி ஆப் ஒன்றில் சர்வர் பக்கம் இருந்தேன். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்த 2025 ஆகஸ்ட் சட்டத்தோடு வேலை போய்விட்டது. இனி கேம் துறையே கிடையாதா? (பெங்களூரு)

உங்கள் கையில் இருப்பது சீட்டு அல்ல, சர்வர். ஒரே நேரத்தில் லட்சம் பேரை மேசை மேசையாகப் பிரித்து உட்கார வைத்தவர் நீங்கள். மல்டிபிளேயர் கேம்களில் மேட்ச்மேக்கிங் என்பது அதுதான். பயோடேட்டாவில் ரம்மி என்ற சொல்லைக் கீழே தள்ளி, எத்தனை கனெக்‌ஷன், எவ்வளவு லேட்டன்ஸி (பதில் வரும் தாமதம்) என்பதை மேலே எழுதுங்கள். சின்னதாக ஒரு மல்டிபிளேயர் டெமோ செய்து இணைத்துவிடுங்கள். ஆர்ட் எதுவும் தேவையில்லை, இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று துரத்தினால் போதும்.