கப்பல் கூலி இல்லை என்றார்கள், பில் எங்கிருந்து வந்தது?

கேள்வி: கோவையில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கிறேன். முதல்முறையாகச் சீனாவின் நிங்போவிலிருந்து 4 கன மீட்டர் போட்டோ ஃபிரேம் இறக்கினேன். சிஐஎஃப் விலை (கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்தது), சென்னை வரை கப்பல் கூலி தனியாகக் கிடையாது என்றார் விற்றவர். சரக்கு வந்ததும் இங்குள்ள ஏஜென்ட் நீட்டிய பில், சரக்கு விலையில் கால்வாசி. ஏமாந்துவிட்டேனா?

பதில்: கேஸ் போடுகிற அளவுக்கு ஏமாற்று இல்லை, கூலியை வசூலிக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. முழு கன்டெய்னர் எடுக்காமல் பலர் சரக்கோடு சேர்த்து அனுப்பும் எல்சிஎல்லில், சீனாவில் சரக்கு திரட்டுகிறவர்களுக்குள் போட்டி அதிகம். கூலியைப் பூஜ்யமாக்கி, சில சமயம் விற்றவருக்கே கொஞ்சம் திருப்பிக் கொடுத்தும் சரக்கைப் பிடிப்பார்கள். அந்த நஷ்டத்தைச் சென்னை ஏஜென்ட் ஈடுகட்டுவார், அவர் உங்களிடம் கறப்பார். அவரைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள் இல்லை. சரக்கை விடுவிக்கும் சீட்டான டெலிவரி ஆர்டர் அவர் கையில், அது இல்லாமல் சிஎஃப்எஸ் (கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கை வைக்கும் கிடங்கு) கேட்டைத் தாண்டி ஒரு பெட்டி வெளியே வராது, அப்புறம் என்ன பேரம் பேசுவது?

பில்லில் டிஎச்சி (துறைமுகத்தில் சரக்கைக் கையாளும் கூலி), சிஎஃப்எஸ் சார்ஜ் என்று பெரும்பாலான ஐட்டங்கள் கன மீட்டர் கணக்கில் இருக்கும். கன மீட்டரா, டன்னா, எது அதிகமோ அதற்குத்தான் காசு. ஃபிரேம் எடை குறைவு, இடத்தை அடைக்கும், அதனால் பேக்கிங்கை இறுக்கச் சொன்னாலே அடுத்த முறை மிச்சம். டாலர் ரேட்டையும் பாருங்கள், உங்கள் வங்கி போட்டதைவிட ஏஜென்ட் போட்டது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

அந்த பில்லில் உள்ள ஜிஎஸ்டியையும், கஸ்டம்ஸில் கட்டிய ஐஜிஎஸ்டியையும் ஃபிரேம் விலையில் ஏற்றாதீர்கள். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் திட்டம்) இல்லை என்றால் அது உள்ளீட்டு வரியாக, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிந்து திரும்பிவிடும். அடிப்படைச் சுங்க வரியும் அதன் மேல் 10% சமூக நல சர்சார்ஜும் திரும்பாது, வரிகளில் அதை மட்டும் அடக்கவிலையில் சேருங்கள்.

அடுத்த ஆர்டருக்கு எஃப்ஓபி நிங்போ விலை (நிங்போவில் கப்பலில் ஏற்றும் வரை மட்டும் விற்றவர் செலவு) கேளுங்கள். சரக்கை அனுப்பித் தரும் ஃபார்வர்டரை நீங்களே பிடித்து, கோவை குடோன் வரை எல்லா சார்ஜும் சேர்த்து, புக்கிங்குக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். கூலி என்று ஒரு தொகை கண்ணில் படும், பயப்படாதீர்கள், மொத்தத்தைப் பாருங்கள். கஸ்டம்ஸில் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியை மட்டும் சரக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் போடச் சொல்லுங்கள். தாமதமானால் முதல் 3 நாளுக்கு தினம் 5,000 ரூபாய், அதற்குப் பிறகு தினம் 10,000.