கவிதை, வகுப்பறை, மனசு: கேட்டதும் சொன்னதும்

நான் தமிழாசிரியை. மனநல ஆலோசகர் ஒருவரோடு சேர்ந்து பத்து வருடமாகக் கவிதை வாசிப்புக் குழுவும் நடத்தி வருகிறேன். மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மேடம், செய்யுள் பாடம் எடுத்தாலே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். பொருள் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதைத் தவிர வேறு வழி உண்டா?

அவர்கள் கொட்டாவி விடுவது கவிதையைப் பார்த்து இல்லை, "இதன் திரண்ட கருத்து யாது?" என்ற கேள்வியைப் பார்த்து. நான் பாட்டை இரண்டு முறை வாய்விட்டு வாசிப்பேன், மூன்றாம் முறை அவர்கள் வாசிப்பார்கள். பிறகு ஒரே கேள்வி: எந்த வரி ஒட்டிக்கொண்டது? ஏன் என்று கேட்கவே மாட்டேன். காரணம் கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

எழுத வைக்க ஒரு விளையாட்டு இருக்கிறது. குறுந்தொகைப் புலவர்கள் சிலருக்குச் சொந்தப் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் பாடிய நல்ல தொடரே பெயராகிவிட்டது: செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார். இதைச் சொல்லிவிட்டு, வீட்டில் பார்த்த ஒன்றைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்வேன். எழுதியவருக்கு வகுப்பே பெயர் வைக்க வேண்டும். வாயே திறக்காத பையன் ஒருவன், ராத்திரி தாமதமாக வரும் அப்பா தூங்குபவர்களை எழுப்பாமல் இருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருவார் என்று எழுதினான். வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் 'கைச்செருப்பார்'. அந்த வருடம் முழுக்க அவன் அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போட்டான். நான் பாசம், குடும்பம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

எதுகை மோனை வேண்டாமா?

படிக்கும்போது வேண்டும், காதுக்கு அதுதான் முதல் ருசி. பிள்ளைகள் எழுதும்போது வேண்டாம். எதுகைக்காகச் சொல் தேடப்போய், சொல்ல வந்ததை விட்டுவிடுவார்கள். 1960களின் கடைசியில் நியூயார்க் பள்ளிக் குழந்தைகளை எழுதவைத்த கவிஞர் கென்னத் காக் இயைபை, அதாவது வரிக் கடைசியில் ஒலி ஒன்றிவருவதை, ஒதுக்கிவைத்தார். பதிலுக்கு, ஒவ்வொரு வரியும் 'எனக்கு ஆசை' என்று தொடங்க வேண்டும் என்பதுபோல் எளிய விதி கொடுத்தார். தடுக்கி விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி போதும்.

நான் கணக்கு வாத்தியார். எனக்கு இதில் என்ன வேலை சார்? (மேடம் என்று திருத்திக்கொள்ளுங்கள்.)

நிறைய வேலை இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மூன்று மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? மூன்று. நான்கு மாத்திரையை? ஐந்து. ஐந்தை? எட்டு. பிள்ளைகளையே கைதட்டி எண்ணச் சொல்லுங்கள், முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருவதை அவர்களே பிடித்துவிடுவார்கள். 12ஆம் நூற்றாண்டில் சமண அறிஞர் ஹேமசந்திரர் யாப்பை ஆராயும்போது இந்த வரிசையைச் சொல்லிவிட்டார். இன்று இந்த வரிசை யார் பெயரில் வழங்குகிறதோ, அந்த இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபனாச்சியின் புத்தகம் 1202இல்தான் வந்தது.

அம்மா போய் மூன்று மாதம். எழுதினால் ஆறும் என்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் அழுகைதான் கூடுகிறது. விட்டுவிடலாமா?

உங்கள் இழப்புக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, தோழி. அழுகை கூடுவது மட்டும் தவறான அறிகுறி இல்லை. 1986இல் வெளிவந்த ஆய்வில், அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், தங்களை உலுக்கிய சம்பவத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் நடந்ததையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் எழுதியதும் கவிதை அல்ல, உரைநடை.

கவிதைக்கு என் வழி வேறு. அணிலாடு முன்றிலார் என்றேனே, அந்தப் பாட்டு (குறுந்தொகை 41) இப்படி: காதலர் பக்கத்தில் இருந்தால் விழா நடக்கும் ஊர் போல மகிழ்ந்திருப்பேன், பிரிந்த நாளில், "மக்கள் போகிய அணிலாடு முன்றில்" போல ஆகிவிடுகிறேன். ஆள் நடமாட்டம் இருந்தால் அணில் அவ்வளவு தைரியமாக முற்றத்துக்கு வருமா? வெறுமை என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த அணில் செய்யும் வேலையைச் செய்யாது. உங்கள் வீட்டு அணில் எது என்று பாருங்கள். பத்து வரி எழுதுங்கள், துக்கம், பாசம், இழப்பு மூன்று சொல்லும் தடை. எங்கள் குழுவில் ஒருவர், "அம்மாவின் போனுக்கு இன்னும் சார்ஜ் போடுகிறேன்" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் அவருக்கு எழுத வேண்டியிருக்கவில்லை.

ஒன்று மட்டும். எழுதி முடித்து மணிக்கணக்காகியும் உடம்பு நடுங்கினாலோ, தூக்கமும் சாப்பாடும் போய்விட்டாலோ, பேனாவை வைத்துவிட்டு ஆலோசகரைப் பாருங்கள். எழுதியே தீர வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை.

சோகத்தில் இருப்பவருக்குச் சோகக் கவிதை கொடுத்தால் இன்னும் மூழ்கிவிட மாட்டாரா? தன்னம்பிக்கைக் கவிதைதானே கொடுக்க வேண்டும்?

அழுதுகொண்டிருப்பவரிடம் "எழுந்து நில், வென்று காட்டு" என்றால் உதைக்கத்தான் வருவார். கவிதை சிகிச்சையில் பழைய விதி ஒன்று உண்டு: அவர் மனநிலைக்குப் பக்கத்தில் நிற்கும் கவிதையில் தொடங்கு. ஆனால் முழுக்க இருட்டில் முடியும் கவிதை ஆகாது. கடைசியில் ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

கவிதை எழுத ஆரம்பித்த பிறகு நன்றாக இருக்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

மாணவி ஒருத்தி நோட்டில் சாவைப் பற்றிக் கவிதை எழுதியிருக்கிறாள். உண்மையா கற்பனையா தெரியவில்லை.

தெரியாவிட்டால் கேளுங்கள், இன்றைக்கே, தனியாக. "இதைப் படித்தேன். உனக்கே செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. சந்திப்பிழை திருத்தாதீர்கள், 'அருமை' என்று எழுதாதீர்கள், வகுப்பில் வாசிக்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஆமாம் என்றாலும், மழுப்பினாலும், தனியாக விடாமல் ஆலோசகரிடமும் வீட்டாரிடமும் அன்றே சேர்த்துவிடுங்கள். கற்பனை என்று தெரிந்தால், மன்னிப்புக் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

பாட்டிக்கு மறதி நோய். என் பெயரே நினைவில்லை. பழைய பாட்டுகளைப் படித்துக்காட்டினால் பயன் உண்டா?

நோய் குணமாகாது. ஆனால் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பாட்டு பல பேருக்குப் பேச்சை விட நெடுநாள் தங்குகிறது. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் சிலர், பேச முடியாத சொல்லைப் பாட்டாகப் பாடிவிடுவதும் உண்டு. தாளமும் ராகமும் சொல்லை இழுத்துக்கொண்டு வருகின்றன. முதல் அடியை நீங்கள் மெதுவாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், பத்து எண்ணும்வரை காத்திருங்கள். அவர் உதடு அசையக்கூடும். வரியை மாற்றிச் சொன்னால் திருத்தாதீர்கள், நீங்களும் அப்படியே மாற்றிச் சொல்லுங்கள்.