தமிழில் பெயர் அடித்தால் ‘தவறான பெயர்’ என்கிறதா? ஆன்லைன் பதிவுப் படிவம்: கேள்வி பதில்

கேள்வி: பள்ளிப் பேச்சுப் போட்டிக்குப் பதிவுப் படிவம் செய்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பெயர் அடித்தால் போகிறது, தமிழில் அடித்தால் ‘தவறான பெயர்’ என்று திருப்பி அனுப்புகிறது.

பதில்: பெயரைச் சோதிக்கும் ரெஜெக்ஸைப் பாருங்கள், அதாவது எந்தெந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் விதியை. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் ‘ம’ என்பது ‘எழுத்து’ வகை. ‘மா’வின் துணைக்காலும் ‘ம்’ மேல் உள்ள புள்ளியும் ‘குறி’ என்ற வேறு வகை. எழுத்து வகையை மட்டும் அனுமதித்தால் மாலாவும் தேறமாட்டார், முருகனும் தேறமாட்டார். குறி வகை, இடைவெளி, இனிஷியலுக்கான புள்ளி மூன்றையும் சேருங்கள். நீள எல்லையையும் கவனியுங்கள்: ‘தமிழ்ச்செல்வி’ நமக்கு 7 எழுத்து, பெட்டியின் மேக்ஸ்லெங்த் (அதிகபட்ச நீளம்) கணக்கில் 13. எல்லையை 100 என்று வையுங்கள், இடம் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம். பலர் கடைசிப் பெயரில் வெறும் புள்ளி வைக்கிறார்கள்.

பதில்: இல்லாததைக் கேட்டால் புள்ளிதான் வரும். ஒரே பெட்டி போதும். ‘சான்றிதழில் வரவேண்டியபடி, இனிஷியலோடு பெயர்’ என்று மேலே லேபிளாக எழுதுங்கள். பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் எழுதினால், அடிக்கத் தொடங்கியதும் மறைந்துவிடும்.

கேள்வி: மொபைல் எண் பெட்டிக்கு 10 இலக்க எல்லை வைத்தும் பாதி எண்தான் வந்து சேர்கிறது. ஏன்?

பதில்: அந்த எல்லையேதான் காரணம். கான்டாக்ட்ஸிலிருந்து காப்பி செய்தால் பெரும்பாலும் +91, இடைவெளி, 5 இலக்கம், இடைவெளி, 5 இலக்கம் என்று 15 இடம் பிடிக்கும். ஒட்டும்போது பிரவுசர் முதல் 10 இடத்தோடு வெட்டிவிடும். மிஞ்சுவது 91உம் எண்ணின் முதல் 5 இலக்கமும்தான். எல்லையை 20 ஆக்குங்கள். இடைவெளி, கோடு, கூட்டல் குறியெல்லாம் நீங்களே நீக்குங்கள். மிஞ்சியது 12 இலக்கமாக இருந்தால் மட்டும் முன்னால் உள்ள 91ஐ எடுங்கள். 11 இருந்தால் முன்னால் உள்ள 0வை. கண்ணை மூடிக்கொண்டு 91ஐ வெட்டினால், 91இல் தொடங்கும் 10 இலக்க எண்காரர் மாட்டிக்கொள்வார். கடைசியில் 10 இலக்கமா, முதல் இலக்கம் 6 முதல் 9க்குள் இருக்கிறதா என்று சோதித்தால் போதும். பெட்டி வகை ‘டெல்’ (தொலைபேசி எண்) என்று இருக்கட்டும், ‘நம்பர்’ வேண்டாம்.

கேள்வி: மாவட்டப் பட்டியலில் கோயம்புத்தூரைத் தேடவேண்டியிருக்கிறது என்கிறார்கள்.

பதில்: ஆங்கில வரிசையில் அடுக்கியதை அப்படியே தமிழாக்கியிருப்பீர்கள், அதில் சென்னைக்கு அடுத்துதான் கோவை வரும். 38 மாவட்டங்களையும் தமிழ் அகரவரிசைக்கு மாற்றுங்கள். சும்மா சார்ட் செய்தாலும் சரிவராது. யூனிகோடில் ‘ன’ ‘ப’வுக்கு முன்னாலும், ‘ற’ ‘ல’வுக்கு முன்னாலும் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் மொழிக்கேற்ப சொற்களை ஒப்பிடும் லோகேல்கம்பேரில் தமிழைக் குறிப்பிட்டால் ஒழுங்காக அடுக்கும்.

கேள்வி: பிறந்த தேதிக்குக் காலண்டர் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் பிறந்தவர் மாதம் மாதமாகத் தள்ளிக்கொண்டே போவார். நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டிகள்.

கேள்வி: ஐபோனில் பெட்டியைத் தொட்டதும் பக்கம் பெரிதாகிவிடுகிறது.

பதில்: பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருக்கும். 16 ஆக்குங்கள்.

கேள்வி: ஒரு தவறு இருந்தாலும் மற்றதெல்லாம் அழிந்துவிடுகிறது. போட்டோவையும் மறுபடி ஏற்றச் சொல்கிறது.

பதில்: அடித்ததை சர்வர் அப்படியே திருப்பித் தரவேண்டும், பிழைச் செய்தி அந்தந்தப் பெட்டியை ஒட்டி வரவேண்டும். போட்டோ விஷயம் வேறு: பாதுகாப்புக்காக, கோப்புப் பெட்டியை மறுபடி நிரப்ப பிரவுசர் விடாது. ஆகவே போட்டோவைத் தேர்ந்தெடுத்த உடனே தனியாக ஏற்றி, அதன் அடையாள எண்ணை மட்டும் படிவத்தில் வையுங்கள். அதற்கு முன் ஒன்று: பேச்சுப் போட்டிக்குப் போட்டோ எதற்கு?