அம்பாசடர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு: வெல்டிங் ஓரத்திலேயே மறுபடி விரிசல்

அம்பாசடர் காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜின் புகையைத் திரட்டி சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்) விரிசலை வெல்டு செய்தும், அதன் ஓரத்திலேயே மறுபடி விரிந்துவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். சாதாரண எம்.எஸ். ராடு (மைல்டு ஸ்டீல் வெல்டிங் கம்பி) போட்டதுதான் கோளாறு. வார்ப்பிரும்பின் கரி அந்த வெல்டில் கலந்து, ஓரத்தைக் கண்ணாடி மாதிரி எளிதில் உடைவதாக ஆக்கிவிடும். ஆறும்போதே ‘டிக்’ என்று சத்தம் வந்திருக்கும். உங்கள் 1489 சிசி பெட்ரோல் மேனிஃபோல்டை இன்னும் காப்பாற்றலாம்.

1. பழைய வெல்டை முழுக்கக் கிரைண்டரில் எடுங்கள். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவுங்கள்; விரிசலின் முனை ஈரக்கோடாகத் தெரியும். பெரும்பாலும் நினைத்ததைவிட நீளம்தான்.

2. இரு முனையிலும் 3 மி.மீ. துளை, நடுவே ‘வி’ பள்ளம். எண்ணெய்ப் பசையைச் சூடுகாட்டி எரித்துவிடுங்கள்.

3. இப்போது நிக்கல் ராடு கொண்டு வெல்டு செய்யுங்கள். ஒரு இழுப்புக்கு 2–3 செ.மீ. போதும். சூட்டோடு சுத்தியலால் மெல்லத் தட்டி, கை தாங்கும் அளவு ஆறியபின் அடுத்தது. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் போச்சு.

மாட்டும் முன் ஃபிளேஞ்சுகள் (இன்ஜினோடு பொருந்தும் தட்டை முகங்கள்) மேல் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். 0.2 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் முகத்தைச் சீவியே ஆகவேண்டும். கோணலை நட்டு முறுக்கி இழுத்துப் பிடித்தால் திரும்ப உடையும். சைலன்சர் கிளாம்பு அறுந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். முதல் விரிசலுக்கே பிடிப்பின்றித் தொங்கும் சைலன்சரின் பாரம் காரணமாக இருக்கலாம்.

இன்ஜின் பிளாக்கில் தண்ணீர் ஓடும் பகுதி விரிசலுக்கு இந்த முறை வேண்டாம். அதற்கு வெல்டிங் இல்லாத ஸ்டிச்சிங்தான் (விரிசல் நெடுகத் துளையிட்டு உலோக ஆணிகளைத் திருகி அடைப்பது) பாதுகாப்பு.