டிஸ்ப்ளே தொழிற்சாலையில் அப்பாவின் ஈபிஎஃப் காசைப் போடலாமா?

கேள்வி: தலவாக்கலையில் டிவி திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஈபிஎஃப் காசு கைக்கு வந்திருக்கிறது. இந்தியாவில் டிஸ்ப்ளே பெனல், அதாவது டிவி, போன் திரை செய்யும் தொழிற்சாலைகள் வரப்போகின்றன, இப்பவே பணம் போட்டால் சில வருஷத்தில் பல மடங்காகும் என்று டவுனில் ஒருவர் ஆள் சேர்க்கிறார். இந்தத் துறை உண்மையிலேயே வளருமா? எங்களைப் போன்றவர்கள் இதில் எப்படி முதலீடு செய்வது?

பதில்: தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆளிடம் ஒரு ரூபாகூடக் கொடுக்க வேண்டாம். இலங்கையில் பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்குவதற்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும், 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித் தொழில் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆள் சேர்த்தால் கமிஷன், அவர் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் அதிலும் கமிஷன் என்று பேச்சு போனால் அது பிரமிட் திட்டம், அதற்கு வங்கித்தொழில் சட்டத்திலேயே தடை இருக்கிறது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலும் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கின்றன. இணையம் வசதிப்படாவிட்டால் 1935க்குப் போன் பண்ணிக் கேட்கலாம்.

சரி, இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம், ஏனென்றால் அது நல்ல கேள்வி. துறை வளருமா என்றால், வளரும். உலகத்தில் திரை வைக்காத பொருள் இன்று குறைவு, டிவியின் அளவும் வருஷத்துக்கு வருஷம் பெருக்கிறது. ஆனால் விற்பனை வளர்வது வேறு, பணம் போட்டவருக்கு லாபம் வருவது வேறு. பெனல் தொழிலில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் எத்தனையோ பெரிய கம்பனிகள் விழுந்திருக்கின்றன, அதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

பெனல் தனித்தனியாகச் செய்யப்படுவதில்லை. ஒரு பெரிய கண்ணாடித் தகட்டின் மேல் டிரான்சிஸ்டர் அடுக்குகளைப் படியவைத்து, அப்புறம் அதைத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். தகட்டின் அளவை வைத்துத்தான் தொழிற்சாலையை இத்தனையாம் தலைமுறை என்று சொல்வார்கள். 8.5ஆம் தலைமுறைத் தொழிற்சாலையில் அந்தத் தகடு 2200க்கு 2500 மில்லிமீட்டர், அதில் 55 அங்குலத்தில் ஆறு பெனல் வரும். 10.5ஆம் தலைமுறையில் 2940க்கு 3370 மில்லிமீட்டர், 65 அங்குலத்தில் எட்டு வரும். தகடு பெருக்கப் பெருக்க ஒரு பெனலின் செலவு இறங்கும், அதனால் யார் கடைசியாகப் பெரிய தொழிற்சாலை கட்டுகிறாரோ அவர் முந்தினவரை விலையில் அடித்துவிடுவார். சீனாவின் ஹெஃபெய் நகரில் பிஓஇ கம்பனி கட்டிய 10.5ஆம் தலைமுறைத் தொழிற்சாலை ஒன்றுக்கு மட்டும் 40 பில்லியன் யுவானுக்கு மேல் போனது. அவ்வளவு பணத்தை இறக்கிவிட்டு இயந்திரத்தைச் சும்மா நிறுத்த முடியாது. நம்முடைய தேயிலை ஃபெக்டரியில் பறித்த கொழுந்தை கொழும்பு ஏலத்தில் விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரைத்தே ஆக வேண்டும் அல்லவா, அந்த மாதிரித்தான். விலை விழுந்தாலும் பெனல் ஓடிக்கொண்டே இருக்கும், ஓட ஓட விலை இன்னும் விழும்.

எவ்வளவு விழும் என்று கேட்டால், கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து டிவி வாங்கியபோது, 2021 நடுப்பகுதியில், 32 அங்குல பெனல் ஒன்று தொழிற்சாலை விலையில் 85 டொலரையும் தாண்டியது. 2022 செப்டெம்பரில் அதே பெனல் 30 டொலருக்கும் கீழே. பதினைந்து மாதம்கூட ஆகவில்லை. அந்த நேரம் நம் நாட்டில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதால் கடைக்கு வந்த டிவியின் விலை குறைந்ததாக இங்கே யாருக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

இந்த ஆட்டத்தில் யார் வெளியேறினார்கள் என்று பாருங்கள். பனசொனிக் 2014இல் பிளாஸ்மா என்ற பழைய வகைப் பெனலை நிறுத்தியது, பிறகு இன்று பெரும்பாலான டிவியில் இருக்கும் எல்சிடி பெனலையும் விட்டது. சாம்சுங் 2022இல் எல்சிடி பெனல் செய்வதையே நிறுத்திக்கொண்டது. எல்ஜி சீனாவின் குவாங்சோவில் இருந்த தன் எல்சிடி தொழிற்சாலையைச் சீனாவின் டிசிஎல் குழுமத்துக்கு விற்றது. ஜப்பானில் சோனி, தோஷிபா, ஹிட்டாச்சி மூன்றும் தங்கள் பெனல் பிரிவுகளைச் சேர்த்து, அரசாங்க நிதியின் பின்பலத்தோடு 2012இல் ஜப்பான் டிஸ்ப்ளே என்று ஒன்றைத் தொடங்கின. 2014இல் ஒரு பங்கை 900 யென்னுக்குப் பொதுமக்களுக்கு விற்றார்கள், அப்புறம் வருஷக்கணக்காக நஷ்டம், பங்கு விலை நூறு யென்னுக்கும் கீழே போனது. ஷார்ப் 2009இல் சகாய் நகரில் தொடங்கிய பிரமாண்டமான பத்தாம் தலைமுறைத் தொழிற்சாலையில் டிவி பெனல் உற்பத்தி 2024 ஓகஸ்டில் நின்றுவிட்டது. இந்தக் கம்பனிகளிடம் அறிவு இல்லாமலோ பணம் இல்லாமலோ இல்லை.

அப்படியென்றால் சீனா எப்படி ஜெயித்தது? அங்கே நஷ்டத்தைத் தாங்கியது பெரும்பாலும் நகர நிர்வாகங்களும் மாகாண நிதியங்களும்தான். ஹெஃபெய் நகரம் 2008இல் பிஓஇயின் 17.5 பில்லியன் யுவான் திட்டத்துக்குப் பின்னால் நின்றது. அந்த நகரம் ஜெயித்தது என்பது உண்மை, தொழிற்சாலை வந்தது, அதைச் சுற்றிக் கண்ணாடி, ரசாயனம், சிப் என்று ஒரு தொழில் வட்டமே வந்தது. ஆனால் நகரத்துக்குக் கிடைத்த வேலைவாய்ப்பும் வரியும் நில மதிப்பும் தனிப் பங்குதாரர் கைக்கு வராது. அவருக்கு மிஞ்சியது, கம்பனி திரும்பத் திரும்பப் புதுப் பங்கு வெளியிட்டதால் சிறுத்துப்போன பங்கு. இன்று உலகத்து எல்சிடி டிவி பெனலில் பத்தில் ஏழுக்கு மேல் சீனாவில்தான் செய்யப்படுகிறது, அந்த இடத்தைப் பிடிக்க நினைக்கும் எந்த நாடும் இந்தக் கணக்கோடுதான் மோத வேண்டும்.

இப்போது இந்தியா. 2021 டிசம்பரில் சிப்புக்கும் டிஸ்ப்ளேக்கும் சேர்த்து 76,000 கோடி இந்திய ரூபா ஒதுக்கினார்கள், டிஸ்ப்ளே தொழிற்சாலை கட்டினால் செலவில் பாதியை அரசாங்கமே தரும் என்றும் சொன்னார்கள். 2022 செப்டெம்பரில் வேதாந்தா குஜராத்தில் 94,000 கோடியில் டிஸ்ப்ளே தொழிற்சாலை கட்டப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டபோது ஊரெல்லாம் செய்தி. ஆனால் 2025 ஓகஸ்ட் வரை அந்த 76,000 கோடித் திட்டத்தில் அனுமதி பெற்ற பத்துத் தொழிற்சாலைகளில் ஒன்றுகூடப் பெனல் செய்யும் தொழிற்சாலை இல்லை. உங்களிடம் பணம் கேட்பவரிடம் இதை அப்படியே கேளுங்கள்: எந்தத் தொழிற்சாலை, எந்த ஊர், எப்போது அனுமதி கிடைத்தது?

அதற்காக இந்தியாவில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நடப்பது சுற்றுவட்டத்தில். உத்தரப் பிரதேசத்தின் ஜேவாரில் எச்சிஎல்லும் ஃபொக்ஸ்கொன்னும் சேர்ந்து கட்டும் தொழிற்சாலைக்கு 2025 மே மாதம் அனுமதி கிடைத்தது, அங்கே வரப்போவது பெனலை இயக்கும் டிரைவர் சிப். தமிழ்நாட்டில் பிள்ளைப்பாக்கத்தில் கோர்னிங் என்ற கண்ணாடிக் கம்பனியின் கூட்டு நிறுவனத்துக்கு 1,003 கோடியில் 2024 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டார்கள், அது போனின் மேல் கண்ணாடிக்கு. 2025 மார்ச்சில் உதிரிப்பாகங்களுக்கென்று தனியாக 22,919 கோடித் திட்டம் வந்தது, அதில் டிஸ்ப்ளே மொடியூல் சேர்க்கும் வேலையும் அடங்கும். மொடியூல் சேர்ப்பது என்றால், வெளிநாட்டிலிருந்து ஓப்பன் செல் என்ற வெறும் திரைக் கண்ணாடியை இறக்கி, பின்னாலிருந்து ஒளி தரும் பெக்லைட், சட்டம், போர்ட் எல்லாம் பொருத்துவது. அந்த ஓப்பன் செல்தான் டிவியின் செலவில் பாதிக்கு மேல், அது இன்னும் வெளியிலிருந்துதான் வருகிறது. என் கருத்தைக் கேட்டால், அடுத்த சில வருஷத்துக்கு இந்தியாவின் வளர்ச்சி இந்த மொடியூல், சிப், கண்ணாடி ஓரத்தில்தான் இருக்கும்.

நம் நாட்டிலேயே ஏன் செய்யக் கூடாது, நாத்தாண்டியாவில் சிலிக்கா மணல் இருக்கிறதே என்றும் சிலர் பேசுகிறார்கள். அந்த மணலில் போத்தல் செய்கிறோம், நல்லது. போத்தல் கண்ணாடியில் சோடியம் கலந்திருக்கும், பெனல் கண்ணாடியில் சோடியம் இருந்தால் அது கசிந்து மேலே உள்ள டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும். சோடியம் இல்லாத, அரை மில்லிமீட்டர் தடிப்புக் கண்ணாடியை அவ்வளவு பெரிய தகடாக இழுக்கத் தெரிந்த கம்பனிகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதோடு ஒரு நொடி கரண்ட் போனாலும் லைனில் இருக்கும் தகடெல்லாம் வீண். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருண்டதே, அதை வைத்து யோசியுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு உங்களுக்கு இந்தத் துறையில் ஒரு பங்காவது வேண்டும் என்று ஆசை இருந்தால், அது உங்கள் சொந்த உழைப்புக் காசாக இருக்கட்டும், போனாலும் வீடு தாங்கும் அளவாக இருக்கட்டும். இலங்கையிலிருந்து வெளிநாட்டு முதலீட்டுக்குப் பணம் போக வேண்டுமானால் அனுமதி பெற்ற வங்கியில் வெளிமுக முதலீட்டுக் கணக்கு மூலமாகத்தான் போக வேண்டும், அதற்கான எல்லைகள் மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய நிலவரத்தை வங்கியில் கேளுங்கள். யாராவது உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலமாக, அனுப்பித் தருகிறேன் என்றால் பேச்சை அதோடு நிறுத்துங்கள், அந்தப் பணத்துக்கு உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

அப்பாவின் காசு வேறு விஷயம். முப்பது நாற்பது வருஷம் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று சேர்த்தது, இன்னொரு தடவை சேர்க்க அவருக்கு வயது இல்லை. அது வங்கியில் நிலையான வைப்பில் இருக்கட்டும். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை, அதற்கு மேல் இருந்தால் இரண்டு வங்கியாகப் பிரித்துப் போடுங்கள்.

உங்கள் கடைக்கு வருவோம், எனக்கு நம்பிக்கை இருப்பது அங்கேதான். பெனல் விலை எவ்வளவு ஏறி இறங்கினாலும் தலவாக்கலையில் ஒரு வீட்டு டிவி இருண்டால் அதை யாராவது திறந்தாக வேண்டும். சத்தம் இருக்கிறது, படம் இல்லை என்று கொண்டுவருவார்கள். டோர்ச்சைத் திரையில் சரிவாக அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் ஓடுவது தெரியும், அப்படியென்றால் பெனல் நலம், பெக்லைட்தான் போயிருக்கிறது. அதனால் பெனல் வாங்கி அடுக்காதீர்கள். விலையும் விழும், மொடலும் மாறும், நீங்களும் ஷார்ப் பட்ட பாட்டைச் சின்ன அளவில் படுவீர்கள். பெக்லைட் ஸ்ட்ரிப், எல்ஈடி டெஸ்டர், பவர் போர்ட் கெபாசிட்டர், இவற்றில் பணம் போடுங்கள். பெனலின் ஓரத்தில் இருக்கும் ஃபிளெக்ஸ் என்ற மெல்லிய இணைப்பு நாடாவை ஒட்டும் பொண்டிங் மெஷினுக்கு இப்போது போக வேண்டாம், விலை பல இலட்சம், வேலை அடிக்கடி வராது.

மலைநாட்டுக்கென்று தனியாக இரண்டு வேலை உண்டு. ஒன்று ஈரம். தோட்டத்து லய வீட்டுச் சுவரில் ஊறும் ஈரமும் ஈரத் துணியால் திரையைத் துடைக்கும்போது கீழ் விளிம்பில் இறங்கும் தண்ணீரும் அந்த ஃபிளெக்ஸை அரித்துவிடும். திருத்திக் கொடுக்கும்போதே டிவியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் டிஷ் வயர் வழியாக வரும் மின்னல் எத்தனை போர்டை எரிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். டிஷ்ஷுக்கு ஒழுங்காக எர்த் அடித்துக் கொடுப்பதும் சர்ஜ் புரொடெக்டர் விற்பதும் கடைக்கு நிரந்தர வருமானம், ஆனால் இடி முழங்கும்போது பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றத்தான் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரிப் வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று மாதம், வரும் ஒவ்வொரு டிவியின் பின்பக்க லேபிளில் உள்ள மொடல் இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டே வாருங்கள், திரும்பத் திரும்ப வரும் நாலைந்து மொடலுக்கு மட்டும் ஸ்டொக் எடுங்கள். நீளமும் லென்ஸ் எண்ணிக்கையும் சரியாக இருந்தாலும் எல்ஈடி 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பதைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஒரு ஸ்ட்ரிப் போனால் முழு செட்டையும் மாற்றுங்கள், மாற்றியபின் செட்டிங்கில் பெக்லைட்டைக் கொஞ்சம் இறக்கிவைத்துக் கொடுங்கள்.