வெண்கலமா, வெண்கலப் பொடியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஃபுளோரன்ஸில் வாங்கிய டொனாட்டெல்லோவின் தாவீது சிலை நகலின் அடியில் 'கோல்ட் காஸ்ட் பிரான்ஸ்' (cold cast bronze) என்று அச்சிட்டிருக்கிறது. இது வெண்கலம்தானே?

பதில்: இல்லை. ரெசினில் (இறுகும் செயற்கைப் பிசின்) வெண்கலப் பொடியைக் கலந்து அச்சில் ஊற்றியது. பொடி பெரும்பாலும் மேல்தோலில் மட்டும்தான் இருக்கும். உள்ளே வெறும் ரெசின். அருங்காட்சியகக் கடைகளில் விற்கும் சிறு நகல்களில் இந்த வகை ஏராளம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, வெண்கல விலை கொடுக்காதவரை.

எழுத்து இல்லாத சிலையென்றால் அடர்த்தியைப் பாருங்கள். முதலில் சிலையை எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். சிலையை நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் சிலையின் கன அளவு (கன சென்டிமீட்டரில்). எடையை அதால் வகுத்தால், வெண்கலத்துக்கு 8.5 முதல் 8.9 வரை வரும். துத்தநாகக் கலவைக்கு 7-ஐ ஒட்டி வரும். பொடி கலந்த ரெசினுக்கு வெகுவாகக் குறையும். உள்ளே அடைபட்ட காற்றோ வார்க்கும்போது உள்ளே வைத்த மண்கருவோ இருந்தால் வெண்கலமும் குறைத்துக் காட்டும். ஆகவே, 8.5-க்கு மேல் வந்தால் நம்பலாம். குறைவாக வந்தால் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அடியில் ஒட்டிய துணியை முதலில் பிரித்துவிடுங்கள். காந்தம் இங்கே உதவாது. வெண்கலமும் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது.

கேள்வி: அசல் சிலையிலிருந்தே அச்செடுத்து வெண்கலத்தில் வார்த்தாலும் நகல் சற்றுச் சிறிதாக இருக்குமாமே?

பதில்: ஆம். உருகிய வெண்கலம் இறுகிக் குளிரும்போது நீளத்தில் சுமார் 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும். வார்ப்புக்கு முன் அச்சில் எடுக்கும் மெழுகு உருவும் தன் பங்குக்குக் கொஞ்சம் சுருங்கும். ஃபுளோரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ள தாவீதின் உயரம் 158 செ.மீ.; அதிலிருந்து நேரடியாக அச்செடுத்தால் நகலில் 3 செ.மீ. அளவுக்குக் குறையலாம். நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தால் இன்னும் குறையும். இப்போது லேசரில் வருடிய உருவத்தைக் கணினியில் அந்த அளவுக்குப் பெரிதாக்கி ஈடுகட்டுகிறார்கள். ரப்பர் அச்சில் கசியும் எண்ணெய் பழைய மேற்பூச்சில் கறை விடும் என்பதால், அசலின் மேல் அச்செடுக்க விடவும் அருங்காட்சியகங்கள் தயங்குகின்றன.

உயரத்தைவிட முடிச்சுருளையும் இமை விளிம்பையும் விரலிடுக்கையும்தான் நான் முதலில் பார்ப்பேன். பதினாறாம் நூற்றாண்டுச் சிற்பி ஜம்போலோன்யாவின் சிறு சிலைகளை அவர் பட்டறையின் அந்தோனியோ சுசினி வார்த்த பிறகு உளியால் செதுக்கி முடித்த நேர்த்தி பேர்பெற்றது. அந்த வேலையை மிச்சம்பிடித்த நகலில் முடி குழைந்த களிமண் போல இருக்கும்.

கேள்வி: ஃபுளோரன்ஸ் ஞானஸ்நான மண்டபத்தில் இருக்கும் 'சொர்க்க வாசல்' என்ற பொன்முலாம் பூசிய வெண்கலக் கதவு அசலா?

பதில்: நகல், 1990 முதல். சிற்பி கிபெர்த்தி 1425 முதல் 1452 வரை செய்த அசல், அருகிலேயே பேராலய அருங்காட்சியகத்தில் காற்றுப் புகாத பேழைக்குள் இருக்கிறது. ஈரக்காற்றில் பொன்முலாமுக்கு அடியில் உப்புகள் வளர்ந்து பொன்னைத் துளைத்துக்கொண்டு வருவதுதான் காரணம். டொனாட்டெல்லோவின் யூதித்து சிலையும் இப்படித்தான்: அசல் நகர மாளிகையான பலாட்ஸோ வெக்கியோவின் உள்ளே, நகல் வெளியே சதுக்கத்தில்.

கேள்வி: வெண்கலப் பொடி கலந்து நானே வார்த்தேன். மினுக்கமே இல்லை, பழுப்பு பிளாஸ்டிக் போல வந்தது, குமிழ் வேறு.

பதில்: மினுக்கம் இருக்கிறது, மேலே மூடிய ரெசின் படலத்தின் அடியில். நன்றாக இறுகிய பிறகு 0000 எண் எஃகுக் கம்பளியால் தேய்த்தால் உலோகம் தெரியவரும்.

அடுத்த முறை, உலர்ந்த சிலிக்கான் அச்சின் உட்புறத்தில் தூரிகையால் பொடியைப் பூசி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிடுங்கள். பாலியூரித்தேன் ரெசின் ஏ, பி என்ற இரண்டு திரவங்களாக வரும்; இரண்டும் சம அளவில் கலக்கும் வகையானால், கன அளவில் ஏ 1, பி 1, பொடி 1. பொடியை முதலில் பி-யில் கட்டியில்லாமல் கலந்து, பிறகே ஏ-வைச் சேருங்கள். அச்சை மெதுவாக உருட்டி 2 முதல் 3 மி.மீ. தோல் படிய விடுங்கள். ஒரேயடியாக நிரப்பினால் பொடி கனத்தில் கீழே இறங்கி, ஒரு பக்கம் மட்டும் உலோகமாகும். தோல் இறுகியும் ஒட்டும் நிலையில் இருக்கும்போதே கறுப்புச் சாயமிட்ட ரெசினால் நிரப்புங்கள். முழுக்கக் காயவிட்டால் இரண்டும் பிரிந்து வரும்.

குமிழுக்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். பாலியூரித்தேன் ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். பொடி டப்பாவைத் திறந்து போடாதீர்கள். நுண்பொடி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம்.

கேள்வி: வெண்கல நகலை பிராஸ் பாலிஷ் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: கூடாது. பழுப்பு நிறமே ரசாயனத்தால் வரவழைத்த மெல்லிய படலம். பாலிஷ் அதை உரித்துவிடும். மென்தூரிகையால் தூசு தட்டி, மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகை மெலிதாகப் பூசினால் போதும். வெளிர்பச்சைப் பொடி துடைத்த இடத்திலேயே திரும்ப வந்தால் அது குளோரைடு அரிப்பு; சிலையைத் தனியே எடுத்து உலர்ந்த இடத்தில் வைத்து, பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள். ரெசின் நகல் என்றால் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள்.