முகாம் அக்காவிடம் கேளுங்கள்

1990ல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் அகதியாக வந்தபோது எனக்கு 11 வயது. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் சேலம் மாவட்டம். இன்றும் இங்கே முகாமில்தான் இருக்கிறேன்.

தாரமங்கலத்திலிருந்து: நீங்களும் தமிழ்தானே அக்கா, பழகுவதில் என்ன கஷ்டம்?

அம்மா முதல் நாள் மளிகைக் கடையில் சவர்க்காரம் கேட்டார். கடைக்காரர் அரைக் கிலோ சர்க்கரையைக் கட்டிக் கொடுத்தார். எங்கள் ஊரில் சவர்க்காரம் என்றால் சோப்பு. திருப்பிக் கொடுக்கக் கூச்சம், அப்படியே வாங்கி வந்துவிட்டார். அதன்பிறகு கடைக்கு என்னைத்தான் அனுப்புவார். வாயைத் திறந்தால் சிலோன்காரி என்று தெரிந்துவிடுமே! 1991ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் அந்தப் பயம் இன்னும் கூடியது. வெளியே 'பேசினோம்', வீட்டுக்குள் மட்டும் 'கதைத்தோம்'. மேட்டூர் அணை மீனில் மண் வாசம் என்று அம்மா கடைசிவரை குறை சொன்னார்.

ஓமலூரிலிருந்து: நானும் அவரும் முகாம்தான். அடுத்த மாதம் பிரசவம். பிறப்புச் சான்றிதழ் போதுமா?

போதாது தங்கச்சி. இங்கே பிறந்தாலே இந்தியக் குடியுரிமை என்பது 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களோடு சரி. அதற்குப் பின் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து இன்னும் இறுக்கம். அதனால் சான்றிதழ் கைக்கு வந்ததும் சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையைப் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் எந்த நாட்டுக் கணக்கிலும் வராது. உங்கள் இருவரின் பிறப்புப் பத்திரத்தையும் கல்யாணப் பதிவையும் இப்போதே தேடி எடுங்கள். கல்யாணத்தைக் கோயிலோடு விட்டவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். எல்லாத் தாளிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். என் பெயரில் ஓர் எழுத்து கூடிப்போய் நான் அலைந்த அலைச்சல் போதும்.

ஏற்காட்டிலிருந்து: எங்கள் சொந்தத்தில் சிலர் கண்டித் தோட்டத்துக்குப் போனவர்கள். முகாமில் மலையகத்தார் உண்டா?

உண்டு. மலையகத்தார் என்றால் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்', இந்தியக் குடிமக்கள். அதே லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) 1983 கலவரத்துக்குப் பின் படகேறியவர்கள் அகதிகள். என் பக்கத்து வீட்டு ஆச்சியின் தாத்தா ஆத்தூர்ப் பக்கம். ஆச்சி மட்டும் அகதி. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

உதவித்தொகை எவ்வளவு?

2021ல் உயர்த்தியபடி மாதம் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. கொலுசுக்கு மணி கோக்கும் கூலியும் சேர்ந்தால்தான் என் அடுப்பு எரியும்.

ஓர் ஆசிரியை: முகாம் மாணவியைச் சுற்றுலா அழைத்துப் போகலாமா?

தாராளமாக. முகாமைப் பார்க்கும் வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்.ஐ.) அனுமதி கேட்க வேண்டும், முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளாகவும் இருக்கக் கூடாது. அதனால் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் வேண்டாம், அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.